ஆயா அடக்கத்தில் சொன்ன பேச்சுக்கு யார் பதில் சொல்வது?

லயத்துக்காரன்:
சனிக்கிழமை நம் தோட்டத்து ஆயாவை அடக்கம் செய்தோம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் அந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை இருட்டில் அம்மா பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விட்டால் ஆயாக் கொட்டகையில் எங்களைத் தொட்டிலில் போட்டு ஆட்டியவர், பால்மாவு தீர்ந்துபோனால் தன் சம்பளத்தில் வாங்கிக் கரைத்து ஊற்றியவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவர். பெட்டியில் கிடந்தபோதும் கையில் ஜெபமாலை சுற்றியிருந்தது.

பேரன் பட்டணத்தில் ஒரு கடைவீட்டுச் சபைக்குப் போகிறான். அவன் கேட்டுக்கொண்டதால் அந்தப் போதகருக்கு வீட்டில் ஐந்து நிமிஷம் பேச இடம் கொடுத்தார்கள். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இந்த அம்மா செய்த நன்மை எதுவும் இவரைப் பரலோகத்தில் சேர்க்காது, விசுவாசம் மட்டுமே சேர்க்கும், நீங்களும் இன்றைக்கே தீர்மானம் எடுங்கள்" என்றார். ஆயா வளர்த்த பிள்ளைகள் நாற்பது ஐம்பது பேர் வாசலில் நிற்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, இரண்டு நாளாக அது என்னை அரிக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன். யாக்கோபு 2:24 என்ன சொல்கிறது? "மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." கிரியை என்றால் நாம் செய்யும் செயல், நீதிமானாக்கப்படுவது என்றால் கடவுள் முன் நேர்மையானவனாக ஏற்கப்படுவது. 'விசுவாசத்தினால் மாத்திரம்' என்ற தொடர் கிரேக்க மூலத்தில் வருகிற ஒரே இடம் அதுதான், அங்கேயும் அதற்குப் பக்கத்தில் 'அல்ல' இருக்கிறது. எந்த வேதத்தைப் படித்துவிட்டு அவர் பேசினார்?

கிருபைமட்டும்:
அண்ணே, ஊழியக்காரரைப் பற்றி எழுதுமுன் கொஞ்சம் பயம் வேண்டும். அவர் சொன்னது தன் சொந்தக் கருத்து இல்லை. ரோமர் 3:28 எடுத்துப் பாருங்கள். "ஆதலால், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்க்கிறோம்." விசுவாசத்தினாலே இல்லை, விசுவாசத்தினாலேயே. அந்த 'யே' உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? எபேசியர் 2:9-இல் "ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல" என்று இருக்கிறது. பால்மாவு வாங்கிக் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறீர்களே, அதைத்தான் இந்த நிருபங்களை எழுதிய பவுல் அப்போஸ்தலர் தள்ளுகிறார்.

லயத்துக்காரன்:
தம்பி, பெருமை ஆயா பேசவில்லை, நான் பேசுகிறேன். அப்புறம் அந்த 'யே' பவுல் எழுதியது இல்லை. கிரேக்கத்தில் அந்த வசனத்தில் 'மட்டும்' என்ற சொல்லே கிடையாது. உங்கள் சீர்திருத்தச் சபைகளின் தந்தை மார்ட்டின் லூத்தர் 1522-இல் ஜெர்மன் மொழியில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தபோது 'மட்டும்' என்ற சொல்லைத் தானாகச் சேர்த்தார். யாக்கோபின் நிருபம் அவருக்கு இடைஞ்சலாக இருந்ததால் அதே பதிப்பின் முன்னுரையில் அதை வைக்கோல் நிருபம் என்று எழுதினார். உங்கள் 'யே' அந்த வழியில் வந்ததுதான்.

வாத்தியார்:
இத்தனை நாள் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தேன். இன்று முடியவில்லை. மூன்று விஷயம் சொல்ல வேண்டும்.

நான் லூத்தரன். கடைவீட்டுச் சபைக்காரன் இல்லை. லூத்தரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் அவர் எழுதியதை முழுதாகப் படித்துவிட்டு வரட்டும். 1530-இல் மொழிபெயர்ப்பு பற்றி ஒரு திறந்த கடிதம் எழுதி இதே குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிவிட்டார். அந்தச் சொல் மூலத்தில் இல்லை என்பது தமக்கும் தெரியும் என்று அவரே சொல்கிறார். இரண்டில் ஒன்றைத் தள்ளி மற்றதை நிறுத்தும்போது ஜெர்மன் பேச்சில் 'மட்டும்' வந்தே தீரும், வீட்டில் இருக்கும் தாயையும் தெருப் பிள்ளைகளையும் சந்தைக்காரனையும் கேட்டுப் பாருங்கள் என்றார். அவர் தந்த உதாரணம் ஒரு குடியானவன்: அவன் தானியம் மட்டும் கொண்டுவந்தான், பணம் கொண்டுவரவில்லை. நம் தோட்டத்தில் எப்படிப் பேசுவோம்? "பால்தான் கொட்டினான், காசு வாங்கவில்லை" என்போம். அந்தத் 'தான்' இல்லாமல் எந்தத் தமிழன் பேசுவான்?

தமிழுக்கு வருவோம். 'யே' என்று ஓர் இடைச்சொல் தமிழில் இல்லை. அது ஏகாரம், முன்னால் நிற்கும் யகரம் உடம்படுமெய். நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை. வகுப்பில் நான் சொல்லித் தருவது "அவருள் இவனே கள்வன்". பல பேர் நடுவில் ஒருவனைப் பிரித்து எடுக்கிறது, அதனால் பிரிநிலை. ரோமர் 3:28-இல் கிரியைகளைத் தள்ளிவிட்டு விசுவாசத்தைப் பிரித்து எடுக்கிறார்கள். பிரிநிலை. பொருள் 'மட்டும்'. முடிந்தது.

லயத்துக்காரன்:
வணக்கம் சார். உங்கள் எழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் எனக்கு நீங்கள்தான் இலக்கணம் எடுத்தீர்கள். அன்றைக்குக் கரும்பலகையில் அடுத்த உதாரணமும் எழுதினீர்களே, அதை ஏன் இங்கே விட்டுவிட்டீர்கள்? "உண்டே மறுமை." தேற்ற ஏகாரம். மறுமை நிச்சயமாக உண்டு என்று பொருள். மறுமை மட்டும் உண்டு, இம்மை இல்லை என்று யாரும் பொருள் சொல்ல மாட்டார்கள். விசுவாசத்தினாலேயே என்பதும் அப்படித்தான், விசுவாசத்தினால் நிச்சயமாக நீதிமானாக்கப்படுகிறான். நானும் ஒத்துக்கொள்கிறேன், என் சபையும் ஒத்துக்கொள்கிறது. 1547-இல் எங்கள் கத்தோலிக்கச் சபையின் திரெந்து பொதுச்சங்கம் போட்ட முதல் விதியே கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் செயலாலேயே ஒருவன் கடவுளுக்கு ஏற்புடையவன் ஆகலாம் என்று சொல்கிறவனைத் தள்ளுகிறது. நாங்கள் புண்ணியம் விற்கிற கூட்டம் போலப் பேசாதீர்கள்.

இன்னொன்று. அந்த வசனத்தில் தள்ளப்படுவது 'நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்'. அதாவது மோசேயின் சட்டம் விதித்தவை: விருத்தசேதனம், பண்டிகை, உணவு விதி. ஆயா பிள்ளைக்குப் பால் ஊற்றியது எந்த நியாயப்பிரமாணத்தில் வருகிறது?

வாத்தியார்:
உன்னை நினைவிருக்கிறது. பின்வரிசை. ஒற்று மிகும் இடம் கடைசிவரை உனக்கு வரவே இல்லை.

உதாரணத்தைப் பிடித்துக்கொண்டாய், சூழலை விட்டுவிட்டாய். 'உண்டே மறுமை' என்ற இடத்தில் தள்ளப்படும் இரண்டாவது பொருள் ஏதாவது இருக்கிறதா? இல்லை, அதனால் தேற்றம். ரோமரில் 'கிரியைகளில்லாமல்' என்று ஒன்று வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒன்று வெளியே நின்றால் ஏகாரம் பிரிநிலை. இதை எத்தனை முறை சொல்ல வேண்டும்?

கிருபைமட்டும்:
சார் சொன்னது சரி. ஆனால் இலக்கணம் தெரியாதவனுக்கும் இது புரியும். இயேசுவுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்வன் என்ன கிரியை செய்தான்? ஞானஸ்நானம் இல்லை, காணிக்கை இல்லை, ஆயாக் கொட்டகையும் இல்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அதேபோல மத்தேயு 20. திராட்சத் தோட்டத்துக்குக் காலையில் வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. நம் பாஷையில் சொன்னால் பொழுது சாயும்போது வந்தவனுக்கும் முழுப் பேர், முழு நாள் சம்பளம். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்கள் அன்றைக்கும் முறுமுறுத்தார்கள், இன்றைக்கும் இங்கே முறுமுறுக்கிறார்கள்.

லயத்துக்காரன்:
பதினோராம் மணிக்கு வந்தவன் தோட்டத்துக்குள் போனானா இல்லையா? போனான், ஒரு மணி நேரம் வேலை செய்தான். என் அப்பா இருபத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டினார். பெரட்டில் நின்று பேர் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிப் போய்ப் படுத்தவனுக்கு எந்தக் கிராணி செக்ரோலில், அந்தச் சம்பளக் கணக்கில், பேர் போட்டார், சொல்லுங்கள்.

கள்வனும் சும்மா தொங்கவில்லை. மற்றக் கள்வனைக் கண்டித்தான், நாம் நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம் என்று குற்றத்தை ஒப்புக்கொண்டான், இவர் தகாததொன்றையும் செய்யவில்லை என்று ஊரே பழித்த நேரத்தில் சாட்சி சொன்னான். கை கால் ஆணியில் இருக்கும்போது வாயால் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்டான்.

வாத்தியார்:
அப்படியானால் கள்வன் ரட்சிக்கப்பட்டது அந்த இரண்டு வாக்கியத்தால்தான் என்கிறாயா? ஆம் அல்லது இல்லை என்று சொல். கதை வேண்டாம்.

செம்பனைக்காடு அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். நான் மெதடிஸ்ட். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். மூன்று பேரும் 'விசுவாசம்' என்று எதைச் சொல்கிறீர்கள்? யாக்கோபு 2:19-இல் பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று வருகிறது. அங்கே விசுவாசம் என்றால் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது. பவுல் சொல்வது தன்னையே ஒப்புக்கொடுத்து நம்புவது, கலாத்தியர் 5:6-இல் அவரே "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" என்கிறார். 'நீதிமானாக்கப்படுதல்' என்பதும் அப்படித்தான். பவுல் ஆபிரகாமைக் காட்டும்போது ஆதியாகமம் 15-ஐ எடுக்கிறார், ஈசாக்கு பிறப்பதற்கு முந்தைய காலம். யாக்கோபு அதே ஆபிரகாமை ஈசாக்கைப் பலிபீடத்தில் வைத்த இடத்தில் காட்டுகிறார். ஒருவர் தொடக்கத்தைப் பேசுகிறார், மற்றவர் பல வருஷம் கழித்து அது வெளியே தெரிந்ததைப் பேசுகிறார். இதை முதலில் பிரித்துக்கொள்ளாமல் ஏகாரத்தை இழுத்து என்ன பயன்?

1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்தார்கள், அதைக் கேட்டுத்தான் எங்கள் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் உள்ளம் அனல் கொண்டது. அதே முன்னுரையில் விசுவாசம் உயிருள்ளது, ஓய்வில்லாமல் நன்மை செய்துகொண்டே இருப்பது என்று லூத்தர் எழுதியிருக்கிறார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதைப் பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். 2006-இல் எங்கள் மெதடிஸ்ட் மன்றமும் சேர்ந்துகொண்டது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்ததை நாம் ஏன் அடக்க வீட்டு வாசலில் மறுபடி தொடங்குகிறோம்?

வாத்தியார்:
தங்கச்சி, 1999 பிரகடனத்தை நான் படித்திருக்கிறேன். அதில் தமிழ் ஏகாரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நான் கேட்டதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. பிரிநிலையா, தேற்றமா?

லயத்துக்காரன்:
தேற்றம். பத்து முறை கேட்டாலும் தேற்றம்தான். அப்புறம் சார், நன்னூலைத் தந்த பவணந்தி முனிவர் சமணர். சமண முனிவர் வகுத்த ஏகாரத்தைக் கொண்டு பவுல் அப்போஸ்தலரை அளக்கிறீர்கள். எங்கள் வீரமாமுனிவர் தொன்னூல் விளக்கம் என்று இலக்கணமே எழுதினார். எகர ஏகாரத்துக்கு இன்று நீங்கள் எழுதும் வேறுபாட்டை ஓலையில் போட்டுத் தந்ததும் அவர்தான். நீங்கள் பிடித்துத் தொங்குகிற அந்த ஏகாரத்தின் வரிவடிவமே ஒரு கத்தோலிக்கக் குருவானவர் தந்தது.

வாத்தியார்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். வீரமாமுனிவர் தமிழுக்குச் செய்ததை ஒரு நாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன், தேம்பாவணியை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லித் தந்தேன். ஆனால் வேதத்தைச் சாதாரணத் தமிழன் கையில் கொடுத்தது யார்? 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு. மணலில் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகிவிட்டது, இந்திய மொழிகளில் அதுதான் முதல். நீங்கள் இங்கே எடுத்து வீசுகிற யாக்கோபு 2:24-ஐத் தமிழில் முதலில் அச்சடித்துத் தந்ததும் வைக்கோல் என்று சொன்னவரின் பிள்ளைகள்தான். அந்த வைக்கோல் வரியையும் லூத்தர் பிற்காலப் பதிப்புகளில் எடுத்துவிட்டார், அதை ஏன் சொல்லவில்லை?

இலக்கணத்துக்குச் சமயம் கிடையாது. பவணந்தியார் சமணர் என்பதால் ஏகாரம் சமண ஏகாரம் ஆகிவிடாது.

கோப்பிக்கடை ஓரம்:
நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் ஆயா எனக்கும் பால் ஊற்றியவர், அதனால் படித்துக்கொண்டு வருகிறேன். எங்கள் பக்கத்திலும் இந்தச் சண்டை உண்டு. வைணவத்தில் வடகலையார் குரங்குக் குட்டி என்பார்கள், குட்டிதான் தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்கலையார் பூனைக் குட்டி என்பார்கள், தாயே வாயில் கவ்விக்கொண்டு போகும். ஆயா இந்தக் கணக்கு எதையும் எங்களிடம் கேட்டதில்லை. காலையில் போனால் "பசியாறிட்டியா?" என்றுதான் கேட்பார்.

கிருபைமட்டும்:
ஐயா, ஜீவனுள்ள தேவனுடைய வார்த்தையைப் பேசுகிற இடத்தில் குரங்கையும் பூனையையும் கொண்டுவராதீர்கள்.

லயத்துக்காரன்:
அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆயாவைப் பற்றி உங்கள் போதகர் பேசியதைவிட இவர் ஒரு வரியில் நன்றாகச் சொல்லிவிட்டார். யாக்கோபு 2:16-ஐ மறுபடி படியுங்கள்: "நீங்கள் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று சொல்லியும் ஒன்றும் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன? மலேசியாவில் நாம் தினமும் காலையில் கேட்கிற அதே சொல். ஆயா பசியாறிட்டியா என்று கேட்டார், கேட்டதோடு கொடுத்தார். உங்கள் சபை இந்த வருஷம் யாருக்குப் பசியாறல் கொடுத்தது?

கிருபைமட்டும்:
வெள்ளம் வந்தபோது ஆற்றோர வீடுகளுக்கு அரிசி மூட்டை கொண்டுபோனது எங்கள் வாலிபர்கள்தான். அதைப் படம் பிடித்துப் போடவில்லை என்பதால் செய்யவில்லை என்று ஆகாது. செய்தோம், ஆனால் அதனால் பரலோகம் போவோம் என்று நினைத்துச் செய்யவில்லை. நாங்கள் ரட்சிக்கப்பட்டவர்கள் என்பதால் செய்தோம். எபேசியர் 2:10 படியுங்கள், நற்கிரியைகளைச் செய்வதற்கு நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று இருக்கிறது.

வாத்தியார்:
வைணவ நண்பருக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் கீதையின் சரம சுலோகத்தில் 'மாம் ஏகம்' என்று வருகிறது. என்னை ஒருவனையே சரணம் அடை. அந்த 'ஏகம்' என்ற சொல்லுக்கு இரண்டு கலையாரும் வேறு வேறு பொருள் சொல்கிறார்கள். அங்கேயும் 'மட்டும்' என்ற ஒரு சொல்லில்தான் வந்து நிற்கிறது. ஆகவே ஒரு சொல்லைப் பிடித்துப் பேசுவதை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். சொல்லை விட்டால் நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?

கிருபைமட்டும் தம்பி, நீ என் பக்கம் பேசுகிறாய் என்பதால் உன்னை விட்டுவிட மாட்டேன். உன் போதகர் பிழை செய்தார். விசுவாசம் மட்டும் என்பது உண்மை. ஜெபமாலை பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே அந்த அம்மாவுக்கு விசுவாசம் இல்லை என்பதுபோல் பேசியது உண்மை இல்லை. அவருக்கு விசுவாசம் இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல இவர் யார்? அப்புறம், உங்கள் கூட்டம் எங்கள் சபையிலிருந்து பிரிந்து போனபோது மண்டபத்தில் இருந்த நாற்பது பிளாஸ்டிக் நாற்காலியையும் ஆர்மோனியத்தையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். கிரியை வேண்டாம் என்கிறவர்களுக்கு நாற்காலி மட்டும் எதற்கு?

கிருபைமட்டும்:
சார், அந்த நாற்காலிக்குப் பணம் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர். ஆர்மோனியத்தை நாங்கள் எடுக்கவில்லை. தோட்டத்தை விற்றுக் கோயில் மண்டபத்தை இடித்தபோது அது எங்கே போனதென்று அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவர்களைக் கேளுங்கள்.

வாத்தியார்:
அன்றைக்குப் பொறுப்பில் இருந்தவன் நான். ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றி மண்டபத்துக்குள் வைத்துப் பூட்டியதும் நான். சாவி இரண்டுதான், ஒன்று என்னிடம், இன்னொன்று உன் அப்பாவிடம்.

லயத்துக்காரன்:
நான் ஆயாவைப் பற்றித் தொடங்கினேன், இப்போது ஆர்மோனியம். சரி. அந்த மண்டபம் இடிபடுவதற்கு முந்தின நாள் எங்கள் கோயில் சுரூபங்களை எடுக்க லாரி கேட்டபோது உங்கள் இரண்டு சபையும் எங்களுக்கு உதவவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். ஆயாதான் மாதா சுரூபத்தைப் புடவையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று கல் நடந்தார். அது கிரியையா, விசுவாசமா? சார் இலக்கணம் பார்த்துச் சொல்லட்டும்.

செம்பனைக்காடு அக்கா:
அதைத்தான் நான் கேட்டேன். அதை எப்படிப் பிரிப்பீர்கள்? முதலில் விசுவாசம் என்றால் என்னவென்று சொல்லுங்கள்.

வாத்தியார்:
லாரி விஷயத்தில் தோட்ட நிர்வாகம் அனுமதி தரவில்லை, அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

நான் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் வரவில்லை. கள்வன் அந்த இரண்டு வாக்கியத்தால் ரட்சிக்கப்பட்டானா? ஆம் அல்லது இல்லை. 'கிரியைகளில்லாமல்' என்று ஒன்று வெளியே நிற்கும்போது ஏகாரம் எப்படித் தேற்றம் ஆகும்? யாக்கோபு 2:24-இலேயே பாருங்கள், 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல' என்கிற இடத்தில் 'ஆலே' என்பது வெறும் உருபு, அதனால்தான் 'மாத்திரம்' தனியாகத் தேவைப்பட்டது. ரோமரில் 'ஆலே' மேல் இன்னோர் ஏகாரம் ஏறி நிற்கிறது. 'மாத்திரம்' செய்கிற வேலையை அந்த ஏகாரம் செய்கிறது. பிரிநிலை.

லயத்துக்காரன்:
'மாத்திரம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'மாத்திரம்' என்றே எழுதத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் ரோமரில் ஏன் எழுதவில்லை? அதே கைதானே இரண்டையும் எழுதியது? கிரேக்கத்தில் யாக்கோபில் 'மோனோன்' இருக்கிறது, ரோமரில் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. நீங்களே எனக்கு வழி காட்டிவிட்டீர்கள் சார். தேற்றம்.

ஆயாவுக்கு முப்பதாம் நாள் பூசை வைக்கிறோம். பூசை முடிந்ததும் வீட்டில் சாப்பாடு. அந்தப் போதகர் வந்தால் உட்கார வைத்துச் சோறு போடுவேன். மைக் கொடுக்க மாட்டேன்.

கிருபைமட்டும்:
அவர் வருவார். கூப்பிடாவிட்டாலும் வருவார், பேரன் எங்கள் சபை விசுவாசி. நாற்காலி பதினெட்டுதான் இருந்தது, நாற்பது இல்லை.

வாத்தியார்:
நாற்பது. ரசீது என்னிடம் இருக்கிறது, நாளை படம் எடுத்துப் போடுகிறேன். முப்பதாம் நாளுக்கு நானும் வருகிறேன், நன்னூலோடு வருகிறேன்.